வீட்டுக்குள் செல்ஃபோன் சிக்னல் கிடைக்கவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாசலில் நின்றால் நாலு கோடு. கூடத்துக்கு வந்தால் இரண்டு. படுக்கையறைக் கதவைச் சாத்தினால் அதுவும் போய், நம்மைக் கூப்பிட்டவரிடம் "தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்" என்று ஒரு பதிவுக் குரல் சொல்லிக்கொண்டிருக்கும். தெரிந்தவர்கள் வட்டத்தில் ஃபோன் தகராறு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள், கூப்பிட முடிந்தால். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாத சிக்னலை உண்டாக்கும் கருவி எதுவும் கிடையாது. இருக்கிற இடத்திலிருந்து இல்லாத இடத்துக்குக் கொண்டுவரத்தான் முடியும். கீழே வரும் வழிகள் எல்லாமே அதற்கு வெட்டும் வெவ்வேறு வாய்க்கால்கள்.

வெளியே நன்றாக இருக்கும் சிக்னல் வீட்டுக்குள் வந்ததும் ஏன் விழுகிறது?

சுவர்தான் காரணம். ஃபோனும் டவரும் ரேடியோ அலையில் பேசிக்கொள்கின்றன. வழியில் வரும் ஒவ்வொரு பொருளும் அதில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் விடும். இந்த இழப்பை டெசிபலில் சொல்வார்கள், சுருக்கமாக டிபி. கணக்கு எளிது: 3 டிபி போனால் பாதி போச்சு. 10 டிபி போனால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். 20 டிபி என்றால் நூறில் ஒரு பங்கு.

சாதாரணக் கண்ணாடி ஜன்னல் 2, 3 டிபிதான் தின்னும். செங்கல் சுவர் தடிமனைப் பொறுத்து ஏறக்குறைய 5 முதல் 10 வரை. கம்பி கட்டிய கான்கிரீட் என்றால் 15, 20, அதற்கு மேலும் போகும். தகரக் கூரை, இரும்புக் கதவு மாதிரியான உலோகப் பரப்பு அலையை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். தண்ணீரும் நன்றாக உறிஞ்சும். நிறைந்த தொட்டிக்குப் பின்னால் இருக்கும் அறையில் சிக்னல் மட்டமாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். உள்ளறை வரை வந்து சேரும் கொஞ்சநஞ்ச சிக்னலும் பெரும்பாலும் ஜன்னல், கதவு வழியாக நுழைந்து, சுவரில் மோதி மோதி வந்ததாகத்தான் இருக்கும்.

அலைவரிசைக்கும் இதில் பங்கு உண்டு. 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தூரமும் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும். 1800, 2100, 2600 என்று மேலே போகப் போக அந்தத் திறன் குறைகிறது. 5ஜிக்குப் பரவலாகப் பயன்படும் 3500 மெகாஹெர்ட்ஸ் கான்கிரீட்டுக்கு முன்னால் சீக்கிரமே களைத்துவிடும்.

புது ஜன்னல் போட்ட பிறகுதான் இந்தத் தொல்லை ஆரம்பித்தது. என் பிரமையா?

பிரமை இல்லை. வெப்பத்தைத் தடுக்கும் நவீனக் கண்ணாடிகளில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும், பெரும்பாலும் வெள்ளி. வெயிலின் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் அதே பூச்சு ரேடியோ அலையையும் திருப்பி அனுப்பும். சாதாரணக் கண்ணாடி 2, 3 டிபி தின்னும் இடத்தில் இது 20 முதல் 30 டிபி வரை தின்றுவிடும். நூறில் ஒரு பங்கோ ஆயிரத்தில் ஒரு பங்கோதான் உள்ளே வரும். கண்ணாடியில் ஒட்டும் சில வெயில் ஃபிலிம்களும், சுவருக்குள் வைக்கும் அலுமினியத் தாள் ஒட்டிய வெப்பத்தடுப்புப் பலகைகளும் இதே வேலையைச் செய்யும்.

சோதிப்பது சுலபம். ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டு, அதன் எதிரில் ஒரு அடி தள்ளி நின்று சிக்னலைப் பாருங்கள். மூடிவிட்டு, அதே இடத்தில் அரை நிமிடம் கழித்துப் பாருங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் குற்றவாளி கண்ணாடிதான். ஃபிலிம் ஒட்டப் போகிறவர்கள் உலோகம் கலக்காத செராமிக் வகை இருக்கிறதா என்று கேட்டு வாங்கலாம்.

திரையில் தெரியும் கோடுகளை நம்பலாமா?

ரொம்ப நம்ப வேண்டாம். இத்தனை சிக்னலுக்கு இத்தனை கோடு என்று உலகப் பொதுவிதி எதுவும் கிடையாது. ஒவ்வொரு ஃபோன் தயாரிப்பாளரும் தனக்குத் தோன்றியபடி வரைகிறார். 2010இல் ஐஃபோன் 4 வந்தபோது, அதைக் குறிப்பிட்ட விதமாகப் பிடித்தால் சிக்னல் விழுகிறது என்று பெரிய ரகளை ஆனது. அப்போது ஆப்பிள் நிறுவனமே, கோடுகளைக் கணக்கிடும் தன் சூத்திரம் முற்றிலும் தவறு, பல நேரங்களில் காட்ட வேண்டியதைவிட இரண்டு கோடு கூடுதலாகக் காட்டியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. ஒரே இடத்தில் வைத்த இரண்டு ஃபோன்களில் ஒன்று மூன்று கோடும் மற்றது ஒரு கோடும் காட்டினால், முதலாவது நல்ல ஃபோன் என்று அர்த்தமில்லை. அது வாய் நீளமான ஃபோனாகக்கூட இருக்கலாம்.

உண்மையான அளவை எங்கே பார்ப்பது?

பெரும்பாலான ஆண்ட்ராய்டு ஃபோன்களில் செட்டிங்ஸுக்குள் "ஃபோனைப் பற்றி" என்ற பகுதியில், சிம் நிலையைத் தொட்டால் சிக்னல் வலிமை டிபிஎம் என்ற அளவில் தெரியும். பல ஆண்ட்ராய்டுகளில் *#*#4636#*#* என்று டயல் செய்தாலும் ஒரு சோதனைப் பக்கம் திறக்கும். ஐஃபோனில் *3001#12345#* என்று டயல் செய்து அழைப்புப் பொத்தானை அழுத்தினால் ஃபீல்டு டெஸ்ட் பக்கம் வரும்.

எண் கழித்தல் குறியோடு இருக்கும். கடன் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: குறைவாக இருந்தால் நல்லது. 4ஜியில் −80 என்றால் பிரமாதம். −90 நல்லது. −100 பரவாயில்லை, பேச்சு ஓடும். −110க்குக் கீழே போனால் குரல் வெட்டும், நெட் நொண்டும். −120 என்றால் ஃபோன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எண்ணைக் கண்டுபிடித்தாகிவிட்டது. அடுத்து என்ன செய்ய?

வீட்டை ஒரு சுற்று வாருங்கள், கையில் தாளும் பேனாவுமாக. இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாமல் கருவி வாங்கக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். வைஃபையை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு அறையிலும் இரண்டு மூன்று இடங்களில் நின்று, ஒவ்வொரு இடத்திலும் பத்துப் பதினைந்து நொடி பொறுத்து எண்ணைக் குறியுங்கள். திரையில் எண் மாற அவ்வளவு நேரம் எடுக்கும்.

என் வீட்டில் நான் எடுத்த தாள் இன்னும் இருக்கிறது. படுக்கையறையில் ஜன்னலோரம் −92. கட்டிலின் கால்மாட்டில் −109. தலைமாட்டில், அதாவது நான் தினமும் ஃபோனை வைத்துவிட்டுத் தூங்கும் இடத்தில், −116. ஜன்னலுக்கும் தலைமாட்டுக்கும் நாலு எட்டுதான் தூரம். சிக்னலில் 24 டிபி, அதாவது இருநூற்றைம்பது மடங்கு வித்தியாசம். கட்டிலைத் திருப்பிப் போட்டதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதிக்குத்தான் வேறு வழி பார்த்தேன்.

இந்தத் தாள் உங்களுக்கு இரண்டு விஷயம் சொல்லும். வீட்டில் எங்காவது நல்ல சிக்னல் இருக்கிறதா என்பது ஒன்று. இருந்தால் அங்கிருந்து இழுத்து வரலாம். வாசல், மாடி உட்பட எங்குமே −115ஐவிட நல்ல எண் வரவில்லை என்றால் சுவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அந்த நிறுவனத்தின் டவரே உங்களுக்கு எட்டவில்லை. இரண்டாவது, உங்கள் கோளாறு உண்மையிலேயே சிக்னல் குறைவுதானா என்பது. அதற்கு அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

கோடு நிறைய இருக்கிறது, ஆனால் நெட் நகரவே மாட்டேன் என்கிறது. ஏன்?

இது வேறு நோய். சாலை அகலமாகத்தான் இருக்கிறது, வண்டிகள் அதிகம். ஒரு டவரின் கொள்ளளவை அந்த நேரத்தில் அதைப் பயன்படுத்தும் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். விடியற்காலையில் வேகமாகவும் இரவு ஒன்பது மணிக்கு ஆமையாகவும் இருந்தால் நெரிசல்தான் காரணம்.

இன்னொரு காரணம் இரைச்சல். இரண்டு மூன்று டவர்களின் சிக்னல் ஒரே வலிமையில் வந்து மோதினால், சந்தைக்கடையில் நின்று ஒருவர் பேச்சைக் கேட்பது மாதிரி ஆகிவிடும். ஃபோனின் சோதனைப் பக்கத்தில் சிக்னலுக்கும் இரைச்சலுக்குமான விகிதம் தனி எண்ணாக இருக்கும். இதில் 20க்கு மேல் அருமை, 0க்குக் கீழே மோசம். இந்த இரண்டு நோய்க்கும் பூஸ்டர், அதாவது சிக்னலைப் பெருக்கும் கருவி, மருந்தாகாது. அது சத்தத்தையும் சேர்த்துத்தான் பெருக்கும்.

ஒரு பைசா செலவில்லாமல் முதலில் எதைச் செய்து பார்க்கலாம்?

ஃபோனை ஃபிளைட் மோடில் போட்டு, பத்து நொடி கழித்து எடுங்கள். தூரத்து டவரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும் ஃபோன், புதிதாகத் தேடி அருகில் இருப்பதைப் பிடிக்க இது உதவும். வெளியே போய்விட்டு வீட்டுக்குள் வந்ததும் நெட் வராமல் முழிக்கிற ஃபோன்களுக்கு இது நல்ல கைவைத்தியம்.

கவரைக் கழற்றிப் பாருங்கள். ரப்பர், பிளாஸ்டிக் கவரால் ஒன்றும் ஆகாது. உலோகக் கவரும், வண்டியில் மாட்டுவதற்காகப் பின்னால் ஒட்டிய காந்தத் தகடும்தான் சந்தேகத்துக்குரியவை. ஃபோனின் ஆன்டெனாக்கள் பெரும்பாலும் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் இருக்கும். வீடியோ பார்க்கும்போது படுக்கை வாட்டில் இரண்டு கையாலும் விளிம்புகளைப் பொத்திக்கொண்டால் சிக்னல் விழத்தான் செய்யும்.

அப்புறம், நகருங்கள். சுவர்களில் மோதித் திரும்பும் அலைகள் அறைக்குள் ஒன்றோடொன்று சேர்ந்து சில இடங்களில் பலமாகவும் சில இடங்களில் பலவீனமாகவும் ஆகிவிடும். 900 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர், 1800இல் சுமார் 17. அதனால் ஒரு சாண் தள்ளி வைத்தாலே ஃபோன் செத்த புள்ளியிலிருந்து உயிருள்ள புள்ளிக்கு வந்துவிடும். "மேஜையில் வைத்தால் வருகிறது, கையில் எடுத்தால் போய்விடுகிறது" என்று சொல்பவர்களைப் பார்த்து இனிமேல் சிரிக்காதீர்கள்.

ஜன்னலில் மட்டும்தான் டவர் எடுக்கிறது. தினமும் அங்கேயே நின்று பேச முடியுமா?

நீங்கள் ஏன் நிற்க வேண்டும்? ஃபோனை நிறுத்துங்கள். ஜன்னல் விளிம்பில் சார்ஜரோடு ஃபோனை வைத்துவிட்டு, புளூடூத் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு உள்ளே வாருங்கள். புளூடூத் தடையில்லாத இடத்தில் பத்து மீட்டர் வரும், நடுவில் ஒரு சுவர் இருந்தால் கொஞ்சம் குறையும். வீட்டிலிருந்து அலுவலக அழைப்பு பேசுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் யோசனை இதுதான். கேட்டதும் பலர் ஏமாந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள், ஏதோ பெரிய கருவியைச் சொல்வேன் என்று எதிர்பார்த்து. மறக்காமல் ஒன்று: நேர்வெயில் விழும் விளிம்பில் வைக்காதீர்கள், ஃபோன் சூடேறிவிடும்.

வைஃபை காலிங் என்கிறார்களே, அது என்ன?

வீட்டில் ஓரளவு நல்ல பிராட்பேண்ட் இருந்தால் மேலே சொன்ன எதுவுமே தேவைப்படாமல் போகலாம். அழைப்பு டவருக்குப் போவதற்குப் பதிலாக, உங்கள் வைஃபை வழியாக இணையத்தில் இறங்கி, பூட்டிய குழாய் மாதிரி ஒரு மறையாக்கப்பட்ட பாதையில் உங்கள் மொபைல் நிறுவனத்தின் வலையமைப்புக்குப் போய்ச் சேரும். அங்கிருந்து மற்ற அழைப்புகளைப் போலவேதான். எண் உங்கள் எண்தான். தனியாக ஆப் வேண்டாம். எதிர்முனையில் இருப்பவரிடம் ஸ்மார்ட்ஃபோன்கூட வேண்டாம், வீட்டுத் தொலைபேசியாக இருந்தாலும் மணி அடிக்கும். ஒரு அழைப்புக்கு நொடிக்குச் சுமார் 100 கிலோபிட் போதும். மட்டமான பிராட்பேண்டும் அதைத் தாங்கும்.

மூன்று விஷயம் கூடி வர வேண்டும்: ஃபோனில் அந்த வசதி, நிறுவனத்தின் ஆதரவு, உங்கள் சிம்மில் அது இயக்கப்பட்டிருப்பது. செட்டிங்ஸில் சிம் அல்லது செல்லுலார் பகுதிக்குள் "வைஃபை காலிங்" என்று இருக்கும். திறந்துவிடுங்கள். சில ஃபோன்களில் வைஃபைக்கு முன்னுரிமையா, மொபைலுக்கு முன்னுரிமையா என்று கேட்கும், வைஃபையைத் தேர்ந்தெடுங்கள்.

வேலை செய்கிறதா என்று உறுதிப்படுத்த, ஃபிளைட் மோடில் போட்டு வைஃபையை மட்டும் திறந்து யாரையாவது கூப்பிடுங்கள். மணி அடித்தால் முடிந்தது கதை. அப்படியே உங்கள் எண்ணுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லுங்கள். வங்கியின் ஓடிபி வைஃபை வழியாக வருமா வராதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

வைஃபை காலிங்கைத் திறந்தும் பாதியில் துண்டிக்கிறதே?

பெரும்பாலும் இது நடக்கும் இடம் நடுவாந்தரம். மொபைல் சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போகும் இடத்தில், ஃபோன் வைஃபைக்கும் டவருக்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தாவலிலும் அழைப்பு விழ வாய்ப்பு உண்டு. அந்த அறையில் இருக்கும்வரை ஃபிளைட் மோடும் வைஃபையும் என்று வைத்துக்கொண்டால் தாவல் நிற்கும். வெளியே கிளம்பும்போது எடுக்க மறந்தால் நாள் முழுக்க யாரும் உங்களைப் பிடிக்க முடியாது, அனுபவத்தில் சொல்கிறேன்.

இன்னொரு உண்மை: மொபைல் சிக்னலைத் தின்ற சுவர் வைஃபையையும் தின்னும். ரௌட்டர் கூடத்து மூலையில் டிவிக்குப் பின்னால் ஒளிந்திருந்தால், படுக்கையறையில் வைஃபையும் நொண்டும், அதன் மேல் ஓடும் அழைப்பும் நொண்டும். ரௌட்டரை வீட்டின் நடுவில், உயரமாக, திறந்த இடத்தில் வையுங்கள். தூரத்து அறைக்கு 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4 கிகாஹெர்ட்ஸ் நன்றாக எட்டும். அதுவும் போதவில்லை என்றால் மெஷ் வகை ரௌட்டர் (பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபையைப் பரப்பும்), அல்லது கேபிள் இழுத்து உள்ளறையில் இன்னொரு வைஃபை.

அழைப்பே போகாமல் அடம்பிடித்தால் ஃபோனில் விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் வசதி) ஓடுகிறதா என்று பார்த்து அணையுங்கள். சில ரௌட்டர்களும் அலுவலக வலையமைப்புகளும் வைஃபை காலிங்குக்குத் தேவையான 500, 4500 என்ற யுடிபி போர்ட்டுகளை, அதாவது தரவு போய்வரும் எண்ணிட்ட வாசல்களை, அடைத்து வைத்திருக்கும். திறக்க வேண்டியிருக்கலாம். மின்சாரம் போனால் ரௌட்டர் போகும், அதோடு உங்கள் ஃபோனும் போகும். ரௌட்டருக்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று இருந்தால் நிம்மதி.

வீட்டில் பிராட்பேண்ட் இல்லை. நான் என்ன செய்வது?

சிம் போடும் 4ஜி அல்லது 5ஜி ரௌட்டர் ஒன்றை, உங்கள் தாளில் எண் நன்றாக வந்த இடத்தில் வையுங்கள். மாடி ஜன்னலாக இருக்கலாம், வராந்தாவாக இருக்கலாம். அது டவரோடு பேசும், உங்கள் ஃபோன் அதன் வைஃபையோடு பேசும், அழைப்பு வைஃபை காலிங்கில் போகும். வெளி ஆன்டெனா மாட்டத் துளை உள்ள ரௌட்டர் என்றால் இன்னும் நல்லது. ஆனால் ஒரு எச்சரிக்கை: மெல்லிய ஆன்டெனா கேபிள் பத்து மீட்டர் ஓடினால் சிக்னலில் பாதிக்கு மேல் அதிலேயே கரைந்துவிடும். ஆன்டெனாவைத் தூரத்தில் வைத்து நீளக் கேபிள் இழுப்பதைவிட, ரௌட்டரையே ஆன்டெனா பக்கத்தில் வைத்து அங்கிருந்து ஈதர்நெட் கேபிள் இழுப்பது புத்திசாலித்தனம். ஈதர்நெட் 100 மீட்டர் வரை குறையில்லாமல் வரும்.

ரௌட்டர் வாங்கவும் மனமில்லையா? அலமாரியில் கிடக்கும் பழைய ஃபோனில் ஒரு டேட்டா சிம் போட்டு, ஜன்னலில் சார்ஜரோடு வைத்து ஹாட்ஸ்பாட் திறந்துவிடுங்கள். ஒரு வாரம் அப்படி ஓட்டிப் பார்த்து, பிடித்தால் ரௌட்டர் வாங்கலாம். பேட்டரி உப்பிய பழைய ஃபோனை மட்டும் இந்த வேலைக்கு வைக்காதீர்கள்.

5ஜி வந்ததிலிருந்து வீட்டுக்குள் நிலைமை மோசமாகிவிட்டதே?

ஆகும். வீட்டுக்குள் அரைகுறையாக வரும் 5ஜியைப் பிடிக்கவும் விடவுமாக ஃபோன் அலைபாய்கிறது. செட்டிங்ஸில் விரும்பும் நெட்வொர்க் வகையை 4ஜி என்று மாற்றி இரண்டு நாள் பாருங்கள். வேகச்சோதனையில் எண் குறையலாம், பேச்சு நிலையாக இருக்கும், பேட்டரியும் கூடுதலாக நிற்கும். கூடவே வோல்ட்டி என்ற 4ஜி குரல் வசதி திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பல நாடுகளில் 2ஜி, 3ஜி டவர்களை மூடிக்கொண்டு வருகிறார்கள். வோல்ட்டி இல்லாத பழைய ஃபோனுக்கு நெட் இருந்தும் அழைப்பு போகாது.

சிக்னல் பூஸ்டர் வாங்கி மாட்டலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் எல்லோரும் காத்திருப்பார்கள். முதலில் சட்டம். மொபைல் அலைவரிசை மொபைல் நிறுவனங்கள் ஏலத்தில் எடுத்த சொத்து. அதில் நீங்கள் ஒரு பெருக்கியை வைத்தால், அது ஊருக்கே இடைஞ்சல் ஆகலாம். அதனால் பல நாடுகளில் அனுமதியில்லாமல் பூஸ்டர் வைப்பது குற்றம். இந்தியாவில் உரிமம் இல்லாமல் வைக்கக் கூடாது. அமெரிக்காவில் 2013இல் வந்த விதிகளின்படி சான்று பெற்ற கருவியை நிறுவனத்திடம் பதிவு செய்து பயன்படுத்தலாம். பிரிட்டனில் 2018 முதல் குறிப்பிட்ட தொழில்நுட்ப நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றுக்கு மட்டும் உரிமம் தேவையில்லை. இணையக் கடையில் விற்கிறார்கள் என்பது சட்டப்படி செல்லும் என்பதற்குச் சான்றாகாது. உங்கள் நாட்டு விதியையும் உங்கள் மொபைல் நிறுவனத்தையும் கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி.

கருவி வேலை செய்யும் விதம் இது: வெளியே ஒரு ஆன்டெனா, நடுவில் பெருக்கி, உள்ளே ஒரு ஆன்டெனா. வெளி ஆன்டெனா பிடிப்பதைப் பெருக்கி உள்ளே விடும்; உங்கள் ஃபோன் அனுப்புவதைப் பெருக்கி வெளியே விடும். வெளியே ஒன்றுமில்லை என்றால் பெருக்கவும் ஒன்றுமில்லை.

மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் வீல் என்று கத்துமே, அதே விபத்து இதிலும் நடக்கும். உள் ஆன்டெனா விடுவதை வெளி ஆன்டெனா பிடித்து, மறுபடி பெருக்கி, மறுபடி விட்டு, கருவி ஊளையிட ஆரம்பிக்கும். நம் காதுக்குக் கேட்காது, ஆனால் டவரின் காதைப் பிய்க்கும். பக்கத்துத் தெருக்காரர்களின் அழைப்பும் சேர்ந்து கெடும். நல்ல கருவிகள் இதை உணர்ந்து தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும் அல்லது அணைந்துவிடும். மலிவான கருவிக்கு அந்த அறிவு கிடையாது. இரண்டு ஆன்டெனாவுக்கும் நடுவில் தூரமும், முடிந்தால் ஒரு கான்கிரீட் தளமும் இருக்க வேண்டும். அதனால்தான் வெளி ஆன்டெனாவை மாடி மேலும் உள் ஆன்டெனாவைக் கீழ்த்தளத்திலும் வைப்பார்கள்.

என் கருத்தைக் கேட்டால், பிராட்பேண்டும் வைஃபை காலிங்கும் உள்ள வீட்டுக்கு பூஸ்டர் வேண்டாத வேலை.

ஃபோனுக்குப் பின்னால் ஒட்டும் சிக்னல் ஸ்டிக்கர், சிக்னல் கூட்டும் ஆப் எல்லாம்?

வேண்டாம். ஒட்டும் தாளுக்கு மின்சாரமும் கிடையாது, ஆன்டெனாவோடு தொடர்பும் கிடையாது. ஆப்பால் சிக்னலை அளந்து காட்ட முடியும், ஏற்ற முடியாது. அவற்றில் பல, ஃபிளைட் மோடைப் போட்டு எடுக்கும் வேலையை விளம்பரத்தோடு செய்கின்றன. ஃபோனை எவர்சில்வர் பாத்திரத்துக்குள் வைத்தால் சிக்னல் கூடும் என்றும் ஒருவர் என்னிடம் சொன்னார். கூடுவது ரிங்டோனின் சத்தம்தான்.

ஃபெம்டோசெல் என்று ஒன்று உண்டாமே?

உண்டு. உங்கள் பிராட்பேண்டில் இணைத்து வீட்டுக்குள் வைக்கும் குட்டி டவர். மொபைல் நிறுவனம்தான் தர வேண்டும், அந்த நிறுவனத்தின் சிம்முக்குத்தான் வேலை செய்யும். வைஃபை காலிங் பரவிய பிறகு பல நிறுவனங்கள் இதைக் கைவிட்டுவிட்டன. கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

எனக்கு அவர் பேசுவது கேட்கிறது, அவருக்கு நான் பேசுவது கேட்கவில்லை. இது எப்படி?

டவர் ஒலிபெருக்கி வைத்துப் பேசுகிறது, ஃபோன் வாயால் பேசுகிறது. டவர் பல பத்து வாட் சக்தியில் அனுப்பும். 4ஜியில் உங்கள் ஃபோனின் உச்சபட்சம் பொதுவாக 0.2 வாட்தான். எல்லையோரத்தில் அதன் குரல் உங்களுக்கு எட்டும், உங்கள் குரல் அதற்கு எட்டாது. நாலு அடி ஜன்னல் பக்கம் போனால் பெரும்பாலும் சரியாகும்.

சிக்னல் குறைந்த வீட்டில் பேட்டரி சீக்கிரம் தீர்வதும் இதனால்தான். டவர் தூரத்தில் இருந்தால் ஃபோன் தன் முழு சக்தியையும் போட்டுக் கத்துகிறது, இல்லாத டவரைத் தேடிக்கொண்டே இருக்கிறது. இரவு முழுக்கச் சும்மா கிடந்த ஃபோன் காலையில் கதகதவென்று இருந்தால், அது இருந்த இடத்தைப் பாருங்கள்.

மழை பெய்தால் சிக்னல் போகுமா?

வீட்டு ஃபோன்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் அலைவரிசைகளை மழைத்துளி பெரிதாகப் பாதிக்காது. நனைந்த மர இலைகள் பாதிக்கும். வீட்டுக்கும் டவருக்கும் நடுவில் அடர்ந்த தோப்பு இருந்தால் மழை நாளில் வித்தியாசம் தெரியும். மழையோடு மின்சாரம் போய் டவர் படுத்துவிடுவது வேறு கணக்கு.

சிம்மை மாற்றினால் தீருமா? நிறுவனத்தை மாற்றினால்?

அதே நிறுவனத்தின் புது சிம்மால் சிக்னல் வலிமை கூடாது. மிகப் பழைய சிம் 4ஜி, 5ஜி வசதிகளுக்குத் தடையாக இருந்தால் மட்டும் பயன் உண்டு. இ-சிம்மோ பிளாஸ்டிக் சிம்மோ, சிக்னலில் வித்தியாசம் இல்லை. வேறு நிறுவனம் என்றால் கதை வேறு, அவர்களின் டவர் வேறு திசையில் இருக்கலாம். எண்ணை மாற்றிக்கொண்டு போவதற்கு முன், அந்த நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் உறவினரையோ நண்பரையோ வீட்டுக்கு அழைத்து, உங்கள் தாளில் உள்ள அதே இடங்களில் அவர் ஃபோனை வைத்து அளந்து பாருங்கள். வரைபடத்தில் அவர்கள் பூசியிருக்கும் வண்ணம் பெரும்பாலும் கணினிக் கணிப்பு. உங்கள் படுக்கையறைச் சுவர் அதில் கிடையாது.

நிறுவனத்திடம் புகார் செய்தால் பலன் உண்டா?

"சிக்னல் வரவில்லை" என்று மட்டும் சொன்னால் ஃபோனை அணைத்துப் போடச் சொல்வார்கள். நானும் ஒருமுறை அதைக் கேட்டுக் கேட்டு, மூன்றாவது அழைப்பில் தாளை எடுத்து வைத்துக்கொண்டு பேசினேன்: இந்தத் தேதியிலிருந்து, இந்த நேரங்களில், வாசலில் முன்பு −85 இருந்தது, இப்போது −108, இரண்டு வெவ்வேறு ஃபோனில் பார்த்தாகிவிட்டது. எதிர்முனையில் குரல் மாறியது. ஒரு வாரத்தில் டவரில் ஒரு பக்கத்து ஆன்டெனாவில் கோளாறு என்று சொல்லிச் சரிசெய்தார்கள். திடீரென்று ஒரே நாளில் விழுந்த சிக்னலுக்குப் புகார் செய்வது பலன் தரும். வீடு கட்டிய நாளிலிருந்தே உள்ளறையில் இல்லை என்றால் அது அவர்கள் கையில் இல்லை.

நான் வீட்டில் இருக்கும்போது அழைப்பு எப்படியாவது வந்தாக வேண்டும்.

வீட்டில் தரைவழித் தொலைபேசியோ நன்றாக எடுக்கும் வேறு எண்ணோ இருந்தால், தொடர்பு கிடைக்காதபோது மட்டும் அழைப்பு அங்கே திரும்பும்படி செய்யலாம். **62* என்று தொடங்கி, அந்த எண், கடைசியில் # போட்டு டயல் செய்ய வேண்டும். எடுக்க ##62#. திரும்பிய அழைப்புக்கு உங்கள் கணக்கில் கட்டணம் ஏறக்கூடும், பார்த்துக்கொள்ளுங்கள். இதே மாதிரிக் குறியீட்டை முன்பின் தெரியாத யாராவது உங்களை டயல் செய்யச் சொன்னால் வைத்துவிடுங்கள். உங்கள் அழைப்புகளைத் தன் எண்ணுக்குத் திருப்பிக்கொள்ளும் மோசடி அது.

ஒரு கோடும் இல்லாத அறையில் அவசரம் என்றால்?

"அவசர அழைப்புகள் மட்டும்" என்று திரையில் இருந்தால், உங்கள் நிறுவனத்தின் டவர் இல்லாவிட்டாலும் வேறொரு நிறுவனத்தின் டவரை ஃபோன் பார்க்கிறது என்று அர்த்தம். அவசர எண்ணைத் தயங்காமல் அழையுங்கள். அதுவும் இல்லாமல் வைஃபை வழியாக மட்டும் போகும் அழைப்பில், நீங்கள் இருக்கும் இடம் எதிர்முனைக்குத் தெரியாமல் போகலாம். பேசத் தொடங்கியதும் முதல் வாக்கியமாக முகவரியைச் சொல்லுங்கள். வைஃபை காலிங்கைத் திறக்கும்போது அவசரகால முகவரி கேட்டால் சரியாக நிரப்புங்கள், வீடு மாறினால் அதையும் மாற்றுங்கள். அந்தத் தாளில் எண் மிக நன்றாக வந்த இடம் எது என்று வீட்டில் உள்ள குழந்தைகள், பெரியவர்கள் எல்லோருக்கும் காட்டி வையுங்கள். எங்கள் வீட்டில் அது மாடிப்படியின் மூன்றாவது படி.